ஓமலூர் பிரிவில் மூன்று ஹாரன்

டிசம்பர் 22, திங்கள்

இன்று நான் ஆரோக்கியம் அண்ணாவிடம் சொல்லாதது: அவருடைய அம்மா இறந்துவிட்டார்.

சொன்னவை: டவர் பிரச்சனை. மில்லில் அவசரம். பார்த்து வாங்கண்ணா.

காலையில் மூடுபனி. பஸ்ஸை விட்டு இறங்கியபோது சங்ககிரி மலை இருக்கும் இடத்தில் மலை இல்லை, வெறும் வெள்ளை. ஸ்வெட்டர் போட்டும் விரல்கள் மரத்து, முதல் அரைமணி தட்டச்சில் பாதி தப்பு.

இந்த வாரம்:
– இன்சூரன்ஸ் முடியும் வண்டிகள், பட்டியல்
– புது வருடக் காலண்டர் வந்தாயிற்று, பார்ட்டிகளுக்கு அனுப்ப
– நூலகப் புத்தகம், தேதி தாண்டி ஆறு நாள்
– வியாழன் கிறிஸ்துமஸ் லீவு. வெள்ளியையும் சேர்த்து விடுவாரா முதலாளி? (இனி மு.; முழுதாக எழுதச் சோம்பல்.) பில் போடும் ரேவதி அக்கா கேட்கட்டும்.

பத்து நாற்பதுக்கு ஆபீஸ் போன். "அம்மணி, நான் சூசை பேசறேங்க. ஆரோக்கியத்தோட அக்கா ஊட்டுக்காரன். அத்தை காலம்பற தவறிட்டாங்க. அடுப்படியிலயே. அவங்கிட்ட சொல்லிராதீங்க, வண்டியில இருப்பான்."

எழுந்து திரையைப் பார்த்தேன். அதுதானே என் வேலை. பதினெட்டு லாரி, பதினெட்டுப் புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அவருடைய புள்ளி நாக்பூரைத் தாண்டித் தெற்கே, பச்சை. பின்னால் பஞ்சு பேல் லோடு. கூடப் போன இரண்டாவது டிரைவர் காய்ச்சல் என்று நாக்பூரிலேயே இறங்கி ரயிலேறிவிட்டார். தனியாக வருகிறார்.

எங்கள் ஆபீசில் ஒரு விதி. ஸ்டீயரிங் பிடித்திருப்பவனிடம் சாவு சொல்லக் கூடாது. கூட இருப்பவனிடம் சொல்வோம், அவன் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கிக்கொள்வான். ஊர் பக்கம் வந்ததும் டீக்கடையில் இறக்கி, உட்காரவைத்து, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். கூட ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

மு. கொஞ்சநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "புதன்கிழமை மூணு மணிக்கு அடக்கமாம். சாயங்காலம் கிறிஸ்துமஸ் பூசை இருக்குது, சாமியாருக்கு அதுக்கு மேல நேரமில்லீங்கறாங்க. மறுநா பொதைக்க மாட்டாங்களாம். அதுவரைக்கும் ஐஸ் பொட்டி. நீ என்ன பண்ற, மில்லுக்காரன் அவசரப்படறான், இருவத்தி நாலு மத்தியானம் எறக்கியாகோணும்னு சொல்லு. இல்லாட்டி ஆடி அசைஞ்சு மூணு நாள் பண்ணுவான்."

"நானா சொல்றது?"

"உங்கிட்டத்தான பேசுவான்."

நாலு மணிக்குப் பேசினார். எப்போதும் ஓரங்கட்டிவிட்டுத்தான் பேசுவார். இண்டிகேட்டர் ஓடும் சத்தம் போனில் கேட்கும். டிக், டிக், டிக்.

"அம்மணி, காலைல இருந்து அம்மா போனு சுவிச்சாப்புனே வருது. ஆபீசுக்கு ஏதும் பேசுச்சுங்களா?"

அவர் அம்மா பேசுவார்தான். வாரத்துக்கு இரண்டு முறை. 'சாமி, என்ற பையன் எங்க வாரான்?' கிலோமீட்டர் சொன்னால் பிடிக்காது. 'இன்னும் எத்தன ஊரு சாமி?' என்பார். நான் வரைபடத்தைப் பார்த்து ஊர்களை எண்ணிச் சொல்வேன். ஓமலூர் பிரிவு வந்ததும் மகன் மூன்று ஹாரன் அடிப்பார். ரோட்டிலிருந்து வீடு தெரியும் தூரம், வயக்காட்டுக்கு நடுவில். லோடு இருந்தால் நிற்க மாட்டார். ஹாரன் கேட்டதும் அம்மா மீனை அலசப் போட்டு அடுப்பு பற்றவைப்பாராம். மகன் சங்ககிரி வந்து, இறக்கிவிட்டு, பஸ்சில் திரும்பி வீடு போய்ச்சேரக் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். அண்ணாவுக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர்.

"டவர் பிரச்சனைங்கண்ணா. அந்தப் பக்கம் பூராவும்."

"அப்படிங்களா."

மில் கதையைச் சொன்னேன்.

"ஏனுங்க, இருவத்தாறு எறக்குனாப் போதும்னுதானுங்க மொதலாளி சொன்னாரு?"

"மாத்திட்டாங்கண்ணா."

"ஆமாமா, பஞ்சு அழுகிப் போயிரும் பாருங்க!" சிரித்தார். "சரி, வாரேன். அம்மாவுக்கு ஒரு பொட்டி ஆரஞ்சு வாங்கியிருக்கேன். புளிப்பு ஆவாது அதுக்கு. மூணு கடையில தின்னு பாத்துத்தான் வாங்குனேன்."

பட்டன் போன் வைத்திருக்கிறார். நல்லவேளை. அவருடைய ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்நேரம் ஸ்டேட்டசில் கண்ணீர் அஞ்சலி வைத்திருப்பார்கள்.

பழைய நாவல்களில் சாவுச் செய்தி கடிதமாகவோ தந்தியாகவோ பிந்தி வரும். யாரும் பொறுப்பில்லை, தூரம்தான் பொறுப்பு. இப்போது தூரம் இல்லை. பிந்த வைக்க ஒரு ஆளை நியமிக்க வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு.

டிசம்பர் 23, செவ்வாய்

பனி. அம்மா மில் ஷிப்டுக்குப் போனபோதே இருமல். கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்ல மறந்தேன், அதாவது நானே வைக்க மறந்தேன்.

திரையைத் திறந்ததும் முதலில் அவர். ஐதராபாத்தைத் தாண்டிவிட்டார். பழைய ஓட்டத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இரவு முழுக்க எங்குமே சிவப்பு இல்லை. லோடு வண்டிக்கு வேகம் அறுபத்தெட்டு.

சாவு தெரிந்தால் வேகமாக ஓட்டுவார் என்று சொல்லாமல் வைத்தோம். இப்போது பொய்யை நம்பி அதே வேகம்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்த விதி ஆபீசில் வந்ததே, இங்கே டிரைவராக இருந்த அப்பாவுக்குப் பிறகுதான்.

அப்போது எனக்குப் பதினொன்று. சித்தப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்தார்கள். வாசலில் கூட்டம், எல்லோரும் அழுகை. போன் அடித்தது. நான் எடுத்தேன். அப்பா, விஜயவாடா பக்கமிருந்து. அன்றாடம் பேசும் நேரம்தான். "சித்தப்பா செத்துட்டாருப்பா" என்றேன். அந்தப் பக்கம் இண்டிகேட்டர் மட்டும். டிக், டிக், டிக். பிறகு "சரி சாமி, வெச்சிரு" என்றார்.

மறுநாள் விடியும்போது நெல்லூருக்கு முன்னால், நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் மோதி, அங்கேயே முடிந்தது.

அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நீ சொல்லலைன்னா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க." அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை. யார் சொன்னது என்று மு.வுக்கு இன்றுவரை தெரியாது. 'எவனோ சொந்தக்காரன் வாயை வெச்சுட்டு இருக்க மாட்டாம...' என்று என் எதிரிலேயே திட்டியிருக்கிறார். அப்பாவின் மகள் என்பதால்தான் இந்த வேலை.

ரேவதி அக்கா ஆபீஸ் ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்கவிட்டாள். மு. பார்த்தார். "என்னம்மா இது, நாம எப்ப மதம் மாறினோம்?" "லீவுக்கு ஒரு மரியாதைங்க. வெள்ளிக்கிழமையும் சேத்து விட்டீங்கன்னா சீரியல் பல்பும் போட்ருவேன்." மு. சிரிக்கவில்லை. ஆனால் சரி என்றார். ஆக நான்கு நாள் லீவு. சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணாவின் போன். இண்டிகேட்டர் சத்தம் இல்லை. ஓட்டிக்கொண்டே பேசுகிறார்.

"ஏம்மணி, மச்சான் என்னடான்னா அம்மா கோயில் ஜோடிக்கப் போயிருக்குதுங்கறாரு. நீங்க டவர் இல்லீங்கறீங்க. டவர் இல்லாத ஊர்ல மச்சான் போனு மட்டும் எப்படி எடுக்குது?"

"வேற கம்பெனி சிம்மா இருக்கும்ணா."

இவ்வளவு வேகமாக எனக்குப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

"ம். கிறிஸ்துமசுக்குக்கூட உங்களுக்கெல்லாம் லோடுதான் முக்கியம். ஆளு முக்கியமில்ல."

"அண்ணா, ரெண்டு விசயம். எங்கயாச்சும் நிறுத்தித் தூங்குங்க. நாலு மணி நேரமாச்சும். அப்புறம், ஓட்டறப்பப் போனை எடுக்காதீங்க. யார் கூப்ட்டாலும். நானே கூப்ட்டாலும்."

"நீங்களே அவசரங்கறீங்க, நீங்களே தூங்குங்கறீங்க. என்ன ஆபீசோ போங்க."

"எனக்காகண்ணா. சத்தியம் பண்ணுங்க."

"சரி சாமி" என்றார். இதுவரை என்னைச் சாமி என்றதில்லை.

டிசம்பர் 24, புதன்

ஆபீஸ் பாதி நாள் என்று பெயர். அரையாண்டு லீவு விட்டதால் பஸ் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் பெட்டிகளும். படியில் நின்று வந்தேன்.

நேற்று அனந்தப்பூர் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்தியிருக்கிறார். சிவப்பு, நாலு மணி பத்து நிமிடம். என் சொல்லுக்காக.

டயர் கடைக்காரர் கேக் கொடுத்தனுப்பினார். ரேவதி அக்கா வெட்டினாள். என் பங்கு கம்ப்யூட்டர் பக்கத்தில் அப்படியே.

திட்டம் இது: தொப்பூர் கணவாய் இறங்கியதும் அவர் எப்போதும் நிற்கும் டீக்கடை ஒன்று, பிரிவுக்கு முன்னால். முகம் கழுவி டீ குடிக்காமல் அந்தக் கடையைத் தாண்டியதே இல்லை. அங்கே சூசை அண்ணாவும் மூன்று பேரும் காத்திருப்பார்கள். சொல்லி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பைக்கில் வீட்டுக்கு. பத்து நிமிடம். மூன்று மணி அடக்கத்துக்கு வேண்டிய நேரம் இருக்கிறது.

1.15. கணவாயில் இறங்குகிறார். மு. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூச்சு விடுவது காதில் கேட்டது. அந்த வளைவுகளில் புள்ளி நகர்வதாகவே தெரியவில்லை.

1.40. இறங்கிவிட்டார். டோல்கேட். முன்பாவது டோலில் வரிசை இருக்கும். இப்போது கண்ணாடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தே கதவு திறந்துவிடுகிறது.

1.52. டீக்கடை. பச்சை. பச்சையாகவே போகிறது.

சூசை அண்ணாவின் போன். மூச்சு வாங்குகிறது. "நிக்காமப் போயிட்டானுங்க! நாலு பேரும் ரோட்டுக்கே போயிக் கை காட்டுனோம். எங்களப் பாத்துட்டு அவனும் சிரிச்சுட்டே கை காட்டிட்டுப் போறானுங்க!"

அவசரம் என்று நான்தானே சொன்னேன். டீயை விட்டுவிட்டார்.

"பைக்குல போயி முன்னால மறிச்சர்றோமுங்க."

மு. போனைப் பிடுங்கினார். "ஓடற வண்டியத் தொரத்தாதீங்க! பதறிப்போயி எங்காச்சும் உட்ருவான். இங்கயே வரட்டும். நான் காருல கூட்டியாரேன். சாமியார்கிட்ட ஒரு மணி நேரம் கேளுங்க."

நான் ஆரோக்கியம் அண்ணாவுக்குப் போன் அடித்தேன். ஆறு தடவை. எடுக்கவில்லை. சத்தியம் வாங்கியது நான்.

சிறிது நேரத்தில் சூசை அண்ணா மறுபடி. இந்த முறை குரல் வேறு மாதிரி. வீட்டுக்குப் போயிருக்கிறார். "அம்மணி, ஆரன் அடிச்சுட்டுப் போயிருக்கானுங்க. பிரிவுல. மூணு தடவ. பொட்டியச் சுத்தி உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்களாம். என்ற சம்சாரம் அடுப்படிக்கு ஓடிருக்கா. எதுக்கு ஓடுனேன்னு தெரியலீங்கறா."

சேலம் பைபாஸ். மகுடஞ்சாவடி. ஒவ்வொரு ஊராக. 'இன்னும் எத்தன ஊரு சாமி?' இரண்டு. ஒன்று.

மூன்று மணிக்கு வாசலில் வண்டி. கதவைச் சாத்தும் சத்தம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார், கண் இரண்டும் சிவந்து. "சொன்னாப்புல வந்தாச்சு! மில்லுக்காரன் எங்க, மாலை போட்டு வரவேப்பாருன்னு பாத்தேன்."

பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். தோளைப் பிடிக்க.

"ஏனுங்க எல்லாரும் நிக்கறீங்க?"

மு. ஆரம்பித்தார். "உக்காரு ஆரோக்கியம். அம்மாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு..."

அவர் மு.வைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மா போயிட்டாங்கண்ணா" என்றேன். "திங்கக்கிழமை காலைல."

வாழ்க்கையில் இரண்டாவது முறை.

"திங்கக்கெழமையா?" விரலை மடக்கி எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன். பிறகு, "நான் ஆரன் அடிச்சனுங்களே" என்றார். மு.விடம் அல்ல, என்னிடமும் அல்ல. "இப்பத்தான அடிச்சுட்டு வாரேன்."

காரில் ஏற்றினார்கள். மு.வே ஓட்டினார். நான் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

கேக்கில் எறும்பு. ரேவதி அக்கா துடைத்துவிட்டு, நட்சத்திரத்தை அவிழ்த்து மேசை டிராயரில் வைத்தாள்.

டிசம்பர் 25, வியாழன்

லீவு.

மு. காலையில் போன் செய்தார். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் லீவுக் கூட்டம், கார் முக்கால் மணி நேரம் நகரவில்லை. சாமியார் நாலு வரைக்கும் பார்த்துவிட்டு அடக்கப் பூசையை ஆரம்பித்திருக்கிறார். நாலரைக்கு மண் தள்ளிவிட்டார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தது நாலு ஐம்பது.

இருபது நிமிடம்.

டீக்கடையில் நின்றிருந்தால். போனை எடுத்திருந்தால். நாலு மணி பத்து நிமிடம் தூங்காமல் இருந்திருந்தால் காலை பத்து ஐம்பதுக்கே வந்திருப்பார்.

அல்லது வந்தே இருக்க மாட்டார்.

இதற்கு மேல் இந்தக் கணக்கு நகரவில்லை. நேற்றிலிருந்து இங்கேயே நிற்கிறது.

எதிர் வீட்டிலிருந்து பிரியாணி கொடுத்தனுப்பினார்கள். அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். இருமிக்கொண்டே கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன் போல.

"அப்பாகிட்ட நீதான் சொன்னேன்னு ஓனருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிராத" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் சத்தம். எந்த ஹாரன் கேட்டாலும் மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன்.

டிசம்பர் 27, சனி

லீவுதான். ஆனால் மு. வரச் சொன்னார், ஓர் இன்சூரன்ஸ் தாள் வேண்டுமாம். ஆபீசில் நான் மட்டும்.

பதினொரு மணிக்கு ஆரோக்கியம் அண்ணா வந்தார். தலை மொட்டை இல்லை, அவர்களில் வழக்கமில்லை. சட்டையில் கறுப்புத் துணித் துண்டு ஒன்று குத்தியிருந்தார். கேபினில் ஆரஞ்சுப் பெட்டி இருக்கிறது, எடுக்க வந்தேன் என்றார். சாவி கொடுத்தேன். எடுத்துவந்து வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மணி, திங்கக்கெழமை நாலு மணிக்குப் பேசுனேன்ல. அப்பத் தெரியுமுங்களா?"

"தெரியும்ணா."

"செவ்வாக்கெழமையும்."

"தெரியும்."

"தூங்கச் சொன்னப்ப."

"ஆமாங்கண்ணா."

தலையாட்டினார். கோபமாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அப்பாவைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. 'ஒரு தடவை சொன்னேண்ணா. சொன்னதால் ஒருவர் வரவே இல்லை.' சொல்லவில்லை. அவருடைய துக்கத்தின் மேல் என்னுடையதைக் கொண்டுபோய் இறக்குவது போலிருந்தது.

"இனி யாரும் எத்தன ஊருன்னு கேக்க மாட்டாங்க உங்கள. தொந்தரவு மிச்சம்" என்றார். சிரிக்க முயன்றார்.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார்.

ஜனவரி 5, திங்கள்

பனி குறைந்திருக்கிறது. மலை தெரிந்தது. நூலகப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன், கடைசி இருபது பக்கம் படிக்காமல்.

ஆரோக்கியம் அண்ணா வண்டி பெங்களூரிலிருந்து திரும்புகிறது, மிஷின் லோடு. கூடப் போக ஆள் இருக்கிறதா என்று கிளம்பும்போதே இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். இருக்கிறது.

9.20 கணவாய் இறங்கியது. டீக்கடையில் பத்து நிமிடம், வழக்கம் போல.

9.55. ஓமலூர் பிரிவு. புள்ளி சிவப்பு. அந்த இடத்தில் அந்த வண்டி சிவப்பாகி நான் பார்த்ததில்லை. ஹாரன் அடித்தாரா என்பது திரையில் தெரியாது.

பத்தரைக்கு மு. எட்டிப் பார்த்தார். "ஏம்மணி, ஆரோக்கியம் ஏன் அங்க நிக்கறான்? லோடு இருக்கறப்ப நிக்க மாட்டானே?"

"டயர் பாக்கறாருங்க."

"போன் பண்ணுனானா?"

"பண்ணினாருங்க."

10.35க்கு வண்டி கிளம்பியது. அவர் போன் செய்யவில்லை. அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட.